லினக்ஸ் ரவுட்டருக்கு எந்தப் பெட்டி வாங்கலாம்?

சின்ன கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, அதையே வீட்டு ரவுட்டராக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த பிராசஸர்?" என்றுதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நெட்வொர்க் போர்ட்டுக்குப் பின்னால் என்ன சிப் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கிகாபிட் போதும் என்றால் இன்டெல் ஐ210, ஐ350 இரண்டையும் நம்பி வாங்கலாம். ஐ350 கார்டுகளில் போலிகள் நிறைய உலவுகின்றன, விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். 2.5 கிகாபிட் வேண்டுமென்றால் ஐ226-வி. அதற்கு முந்தைய ஐ225-வி சிப்பின் ஆரம்பப் பதிப்புகளில் வன்பொருளிலேயே கோளாறு இருந்து, பி3 ஸ்டெப்பிங்கில்தான் (சிப்பின் பிந்தைய திருத்தப் பதிப்பு) சரிசெய்தார்கள், அதனால் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கும் விற்பனையாளரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ரியல்டெக் நிறுவனச் சிப்புகள் வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) ஆட்கள், லினக்ஸில் அது அவ்வளவு மோசமில்லை.

சரி, பிராசஸர். வெறும் நேட் (வீட்டுச் சாதனங்கள் எல்லாம் ஒரே இணைய முகவரியைப் பகிர்வது) மட்டும் செய்ய இன்றைய எந்தச் சின்ன சிப்பும் போதும். பிபிபிஓஇ இணைப்பு (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணைவது), கேக் என்ற லினக்ஸ் வசதி மூலம் பஃபர்ப்ளோட்டை (இணைப்பு நிரம்பும்போது வரும் தாமதத்தை) கட்டுப்படுத்துவது, விபிஎன், இவை சேரும்போதுதான் சுமை ஏறுகிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரே கோரின் தலையில்தான் விழும் என்பதால் எட்டு மெதுவான கோர்களைவிட நான்கு வேகமான கோர்கள் மேல். வயர்கார்டு என்ற விபிஎன் சாச்சா20 முறையில் குறியாக்கம் செய்வதால், பிராசஸரில் ஏஇஎஸ் குறியாக்கத்தை வேகப்படுத்தும் வசதி அதற்குத் தேவையில்லை, ஓபன்விபிஎன் பயன்படுத்துவதாக இருந்தால் அந்த வசதியை அவசியம் பாருங்கள். இன்டெல் என்100, நான்கு கோர், 6 வாட் டிடிபி (வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு), வீட்டுக்கு இது தாராளம்.

பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறதே என்று தோன்றும். அது சராசரியாக 40 வாட் இழுத்தால் மாதம் ஏறக்குறைய 29 யூனிட், 10 வாட் பெட்டிக்கு 7 யூனிட்தான். கையடக்கக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை 4-இல் ஒரே ஈதர்நெட் போர்ட், ஆகவே விலான் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்குகள்) தெரிந்த ஸ்விட்சோ யுஎஸ்பி 3 அடாப்டரோ வேண்டும். 3 பி பிளஸ் வேண்டாம், அதன் கிகாபிட் போர்ட் யுஎஸ்பி 2 வழியாகப் போவதால் 300 எம்பிபிஎஸ் பக்கத்திலேயே நின்றுவிடும்.

ரேமுக்கு 4 ஜிபி போதும், ரவுட்டருக்கென்றே செய்த லினக்ஸான ஓபன்டபிள்யுஆர்டி மட்டும் என்றால் 128 எம்பி-யிலேயே ஓடும்.

வைஃபையை இதே பெட்டிக்குள் திணிக்காதீர்கள். இன்டெல் வைஃபை கார்டுகள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்சில் ஆக்சஸ் பாயின்ட்டாக (மற்றவற்றுக்கு வைஃபை தரும் கருவியாக) வேலை செய்யாது. பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் லேன் முகவரியை மாற்றி, லேன் போர்ட்டில் இணைத்தால் அதுவே ஆக்சஸ் பாயின்ட்.

கரண்ட் போய் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதி பயாஸில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். 12 வோல்ட்டில் ஓடும் பெட்டியாக இருந்தால், அது கேட்கும் ஆம்பியரைத் தரக்கூடிய சின்ன டிசி யுபிஎஸ் ஒன்றே போதும். பெட்டி கைக்கு வந்ததும் லைவ் யுஎஸ்பியில் லினக்ஸ் ஏற்றி, எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையில் சிப்பின் பெயரைச் சரிபாருங்கள், சொன்னது ஒன்று வந்தது வேறு என்றால் ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடலாம்.