கலிபோர்னியாவில் மருத்துவக் கஞ்சா கடை: முதலில் முகவரி, அப்புறம்தான் லைசென்ஸ்

மருத்துவத்துக்குக் கஞ்சா பயன்படுத்தலாம் என்று கலிபோர்னியா மக்கள் 1996-லேயே வாக்களித்துவிட்டார்கள். அதற்காக நினைத்த ஊரிலெல்லாம் கடை திறந்துவிட முடியாது. கடையே கூடாது என்று தடைபோட நகரங்களுக்கு உரிமை உண்டென்று, ரிவர்சைடு நகர வழக்கில் 2013-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் மாநில விண்ணப்பத்தைக் கடைசியில் தொடுங்கள்.

முதல் படி, ஊர். மாநிலக் கஞ்சா கட்டுப்பாட்டுத் துறையின் இணையதளத்தில் எந்த நகரம், எந்த கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) எதை அனுமதிக்கிறது என்று பார்க்கலாம். கடைக்கு இடமில்லாத ஊர்தான் அதிகம். ஆனால் நோயாளிகளின் வீட்டுக்கு டெலிவரி செய்வதை 2024 முதல் எந்த ஊரும் தடுக்க முடியாது.

இரண்டாவது படி, இடம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மனை எந்த மண்டலத்தில் வருகிறது என்று நகரத் திட்டமிடல் அலுவலகத்தில் கேளுங்கள். வணிக மண்டலம் என்றாலே போதும் என்று நினைக்காதீர்கள். அதற்குள்ளும் கஞ்சாவுக்குத் தனி விதி இருக்கும். அப்புறம் தூரம். பள்ளி, குழந்தைகள் பகல் காப்பகம், இளைஞர் மையம் ஆகியவற்றிலிருந்து 600 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது மாநில விதி. சிறுவர்கள் கூடும் வீடியோ கேம் நிலையம்கூட இளைஞர் மையக் கணக்கில் வந்துவிடும். வாசலிலிருந்து வாசலுக்கு அளப்பதில்லை, மனை எல்லையிலிருந்து மனை எல்லைக்கு நேர்கோட்டில் அளப்பார்கள். உங்கள் கடை வணிக வளாகத்தின் கோடியில் இருக்கலாம்; ஆனால் வளாகம் முழுக்க ஒரே மனை என்றால், பார்க்கிங்கின் எதிர்மூலை பள்ளிக்கு அருகில் இருந்தாலே இடம் அடிபட்டுவிடும். இந்தத் தூரத்தை ஊர் மாற்றியும் வைக்கலாம்: லாஸ் ஏஞ்சல்ஸில் 700 அடி. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கஞ்சா கடைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே 600 அடி வேண்டும்.

மூன்றாவது, வாடகை ஒப்பந்தம். நில உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் கட்டாயம். அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒப்பாத உரிமையாளரிடம் முன்பணம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

நான்காவது, உள்ளூர் அனுமதி. சில ஊர்களில் பொது விசாரணை நடக்கும், அக்கம்பக்கத்தார் வந்து பேசுவார்கள். சில இடங்களில் கடைகளின் எண்ணிக்கைக்கே வரம்பு. மதிப்பெண் அடிப்படையிலோ குலுக்கலிலோ தேர்ந்தெடுப்பார்கள்.

இப்போதுதான் மாநில லைசென்ஸ். விண்ணப்பக் கட்டணம் 1,000 டாலர், அதோடு 5,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம். 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள ஒவ்வொருவரும் கைரேகை கொடுக்க வேண்டும். கடையின் வரைபடத்தில் கதவு, கவுன்ட்டர், கேமரா எல்லாம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மருத்துவ விற்பனைக்கான 'எம்' வகையைக் குறிக்க மறக்காதீர்கள். 18 வயது நிரம்பி மருத்துவரின் பரிந்துரையோடு வருபவருக்கு விற்க அதுதான் வழி.

கடை திறந்தபின் விற்பனை காலை 6 முதல் இரவு 10 வரைதான். ஊர் இதையும் சுருக்கலாம். கேமரா பதிவுகளை 90 நாள் வைத்திருங்கள். மாநில மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருப்பவருக்கு விற்பனை வரி கிடையாது, அதை பில் போடுபவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.