சிவப்பு வளையம் சொன்ன சேதி

என் வயிற்றில் ஸ்டோமா இருக்கிறது, அதாவது கழிவு வெளியேற அறுவை சிகிச்சையில் வைத்த திறப்பு. அதன் மேல் ஒட்டும் பைக்கு அடியில் பதினொரு நாள் ஓயாத அரிப்பு. கசிவுதான் என்று நினைத்து, பையைத் தோலோடு ஒட்டும் தகட்டின் ஓட்டையை மறுபடி அளந்து, ஸ்டோமாவைவிட 2 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டினேன். பலனில்லை. பவுடர் போட்டேன், அதற்கும் மசியவில்லை. அப்புறம் ஒரு கிரீம். அந்த எண்ணெய்ப் பசையில் தகடே ஒட்டாமல் நழுவி, நிஜமாகவே கசிய ஆரம்பித்தது. தினமும் தகட்டைப் பிய்த்து மாற்றியதில் தோல் இன்னும் புண்ணானதுதான் மிச்சம்.

ஒருநாள் கண்ணாடி முன் நின்று பார்த்தபோதுதான் கவனித்தேன். ஸ்டோமாவை ஒட்டிய தோல் சுத்தமாக இருந்தது. சிவப்பு முழுக்க வெளியே, ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி ஒரே அகலத்தில் ஒரு வளையம். கசிவு என்றால் ஓட்டையைச் சுற்றித்தானே சிவக்கும்? இது தகட்டின் ஓரத்து டேப்பின் அச்சு.

ஸ்டோமா நர்ஸ் சொன்னபடி, டேப்பில் ஒரு துண்டும் நடுப்பசையில் ஒரு துண்டும் வயிற்றின் மறுபக்கம் 48 மணி நேரம் ஒட்டி வைத்தேன். டேப் இருந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. டேப் ஓரம் இல்லாத தகட்டுக்கு மாறினேன். நான்காம் நாள் அரிப்பு நின்றது, நிம்மதியாகத் தூங்கினேன். வளையத்தின் தடம் மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது.