விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே எழுத்துரு: விஷுவல் ஸ்டுடியோ கோடில் அமைக்கும் முறை

ஒரே கோப்பை விண்டோஸ் கணினியிலும் மேக்கிலும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால், எழுத்தின் வடிவம், அளவு, வரிகளுக்கு இடையிலான இடைவெளி எல்லாமே வேறுபடுவதைக் காணலாம். நாம் எதையும் மாற்றாதவரை, நிரல் எழுதப் பயன்படும் எடிட்டரான விஷுவல் ஸ்டுடியோ கோட் விண்டோஸில் கன்சோலாஸையும், மேக்கில் மென்லோவையும், லினக்ஸில் டிராய்டு சான்ஸ் மோனோவையும் முதலில் தேடுகிறது. எழுத்தளவும் மேக்கில் 12, மற்ற இரண்டிலும் 14. இந்த மூன்று எழுத்துருக்களிலும் தமிழ் எழுத்துகள் கிடையாது என்பதால், தமிழ் வரிகளுக்கு அந்தந்த இயங்குதளம் தன்னிடம் உள்ளதை எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே, நிரலுக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என இரண்டு எழுத்துருக்களை நாமே தேர்ந்தெடுத்து, மூன்று கணினிகளிலும் நிறுவிவிடுவதே நிலையான வழி.

முதலில் ஜெட்பிரெயின்ஸ் மோனோ, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய இரண்டையும் பதிவிறக்குங்கள். இரண்டும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகப் பதிவிறக்காமல், ஒரே கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று நிறுவினால் பதிப்பு மாறிப்போகாது.

நிறுவுவது எளிது. விண்டோஸில் எழுத்துருக் கோப்பின் மீது வலச்சொடுக்கி ‘இன்ஸ்டால்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேக்கிலும் உபுண்டுவிலும் கோப்பை இருமுறை சொடுக்கினால் திறக்கும் சாளரத்திலேயே அதற்கான பொத்தான் இருக்கும். நிறுவியபின் எடிட்டரை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும்.

அடுத்து கண்ட்ரோல் விசையையும் காற்புள்ளியையும் (மேக்கில் கமாண்ட் விசையையும் காற்புள்ளியையும்) சேர்த்து அழுத்தி அமைப்புகளைத் திறந்து, ‘ஃபான்ட் ஃபேமிலி’ என்று தேடுங்கள். அந்தப் பெட்டியில் ஜெட்பிரெயின்ஸ் மோனோ, நோட்டோ சான்ஸ் தமிழ், மோனோஸ்பேஸ் (மற்ற இரண்டும் கிடைக்காதபோது கணினியில் உள்ள சம அகல எழுத்துருவை எடுக்கச் சொல்லும் பொதுப் பெயர்) என்ற மூன்று பெயர்களையும் இதே வரிசையில், ஆங்கிலத்தில், காற்புள்ளியிட்டு எழுத வேண்டும். நடுவில் இடைவெளி உள்ள பெயரை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் இடுங்கள். வரிசையை மாற்றிவிட வேண்டாம். எடிட்டர் ஒவ்வோர் எழுத்தையும் பட்டியலின் முதல் எழுத்துருவிலிருந்தே தேடத் தொடங்குகிறது. தமிழ் எழுத்துருவிலும் ஆங்கில எழுத்துகள் இருக்கக்கூடும் என்பதால், அதை முதலில் வைத்தால் நிரலின் எழுத்துகள் சம அகலத்தை இழந்து, நெடுவரிசைகள் கலைந்துவிடும்.

பிறகு எழுத்தளவை மூன்றிலும் 14 என்றும், ‘லைன் ஹைட்’ மதிப்பை 1.6 என்றும் வையுங்கள். இந்த இரண்டாவது மதிப்பைப் பலர் தொடுவதே இல்லை. ஆனால் இது மிகவும் முக்கியம். அதை 0 என்றே விட்டால் வரி உயரத்தை எடிட்டரே கணக்கிடும், அந்தக் கணக்கு மேக்கில் ஒரு விதமாகவும் மற்றவற்றில் வேறு விதமாகவும் இருக்கும். 1.6 என்று கொடுத்தால் எழுத்தளவைப் போல் 1.6 மடங்கு உயரம் எங்கும் கிடைக்கும். ‘ஸ்ரீ’, ‘கீ’ போன்றவற்றின் மேற்குறிகளுக்கும் ‘மூ’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்ச்சுழிகளுக்கும் போதிய இடமும் இருக்கும்.

எடிட்டரின் உட்பகுதியில் உள்ள, கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினல், எழுத்துருவை எடிட்டரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்; அதன் எழுத்தளவை மட்டும் தனியே 14 ஆக்க வேண்டும். ‘செட்டிங்ஸ் சிங்க்’ வசதியை இயக்கினால் இந்த மதிப்புகள் எல்லாக் கணினிகளுக்கும் தாமாகச் சென்று சேரும், எழுத்துருக் கோப்புகள் மட்டும் சேராது. புதிய கணினியில் அமைப்பு வந்தும் தோற்றம் மாறாமல் இருந்தால், எழுத்துரு நிறுவப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பூஜ்யம், ஆங்கிலப் பெரிய ஓ, எண் 1, சிறிய எல் ஆகியவற்றை ஒரு வரியிலும், ‘ஸ்ரீ கொ பௌ’ என்பதை அடுத்த வரியிலும் தட்டச்சிட்டு மூன்று திரைகளிலும் ஒப்பிடுங்கள். இவற்றின் வடிவம் மூன்றிலும் ஒன்றாக இருந்தால் எழுத்துருக்கள் சரியாக ஏறிவிட்டன. மேக்கில் கோடுகள் சற்றுத் தடிமனாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். எழுத்தைத் திரையில் வரையும் முறை ஒவ்வோர் இயங்குதளத்திலும் வேறு என்பதால் வரும் வேறுபாடு அது.