மட்டக்களப்பில் முதல் நத்தார் (கிறிஸ்மஸ்): தமிழ்நாட்டிலிருந்து ஊழியத்துக்கு வரும் குடும்பங்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டக்களப்பு வெளிநாடாகத் தோன்றுவதில்லை. மொழி ஒன்று, வேதாகமம் ஒன்று, கீர்த்தனைகளும் தெரிந்தவையே. அந்தத் தைரியத்தில்தான் பலர் முதல் டிசம்பரில் தடுமாறுகிறார்கள்.

முதலில் விசா. சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்ய முடியாது. "நத்தார் கூட்டத்தில் ஒரு செய்திதானே" என்று மேடையேறினாலும் அது நிபந்தனை மீறல்தான். வதிவிட விசாவுக்கு கிறிஸ்தவ மத அலுவல்கள் திணைக்களத்தின் சிபாரிசு தேவை. அந்த வேலையை உங்களை அழைக்கும் திருச்சபையே முன்கூட்டித் தொடங்க வேண்டும்.

அடுத்தது, இங்கே நற்செய்தியை முதலில் கொண்டுவந்தவர் நீங்கள் அல்ல. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். வந்து ஒரு வருடம் முடியுமுன் இறந்தும் போனார். கத்தோலிக்கம் அதைவிடப் பழையது, போர்த்துக்கேயர் காலத்தது. தலைமுறை தலைமுறையாக நத்தார் கொண்டாடிய, ஐரோப்பியக் கலப்பு வழிவந்த பறங்கியர் குடும்பங்களும் இங்கே உண்டு. ஆகவே முதல் வருடம் விருந்து வைக்க அவசரப்படாமல் விருந்தாளியாக இருங்கள். அழைத்த வீட்டுக்கெல்லாம் போங்கள். ஒரே வளவில் அக்கா வீடு, தங்கை வீடு, தாய் வீடு என்று மூன்று இருக்கும். இப்பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால், மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்கு வருவார். ஒரு வீட்டில் சாப்பிட்டு மற்றதில் தலைகாட்டாமல் போனால் அது மனதில் நிற்கும். ஒரு வீட்டில் சோறு, மற்ற இரண்டிலும் தேத்தண்ணி (தேநீர்) என்று முன்பே பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. கிராமத்து வீட்டில் வெற்றிலை வட்டா (தட்டு) நீட்டினால், போடாதவரும் ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்ளலாம்.

கரோல் குழு வரும் இரவு எதுவென்று சபையில் சொல்லிவிடுவார்கள். மழையால் நேரம் பிந்தும், ஆள் குறையாது. முப்பது பேருக்கு இஞ்சித் தேத்தண்ணி போட நாலரை லீற்றர் தண்ணீர், 60 கிராம் தேயிலை, 100 கிராம் தட்டிய இஞ்சி. சீனியைத் தனியே வையுங்கள். கூட கட்லட்டோ ரோல்ஸோ ஆளுக்கு இரண்டு. காணிக்கைக்கு ஒரு என்வலப்.

கேக்தான் பெரிய வேலை. இங்கே வீட்டுக்கு வருகிறவர் எதிர்பார்ப்பது ரிச் கேக். ரவையும் பட்டரும் தலா 250 கிராம், சீனி 400 கிராம், முட்டை மஞ்சட்கரு 12, நறுக்கிய கஜு (முந்திரிப்பருப்பு) 250 கிராம், பிளம்ஸ் (உலர்திராட்சை), புகுல்தோசி (சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணி), இஞ்சிப்பாகு எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. பழங்களை இரண்டு மூன்று கிழமைக்கு (வாரத்துக்கு) முன்பே பிராந்தியில் ஊறவைப்பார்கள். ரவையை இலேசாக வறுத்து, சூட்டோடு பட்டரில் கலந்து சில மணிநேரம் விடவேண்டும். அவசரப்பட்டால் ரவை ஊறாமல் பல்லில் நறநறக்கும். சீனியும் மஞ்சட்கருவும் நுரைக்க அடித்து, ரவையும் பழமும் சேர்த்து, கடைசியில் நுரைத்த நாலைந்து வெள்ளைக்கருவை மெதுவாகக் கலக்க வேண்டும். தட்டுக்கு இரண்டு மூன்று மடிப்புக் கடதாசி போட்டு 150 பாகை செல்சியஸில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் விடுங்கள். சூட்டைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு ஈரமாகவே நிற்கும். வெட்டுவது மறுநாள்தான், சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும். ஐந்துக்கு மூன்று சென்ரிமீற்றர் துண்டாக்கி ஓயில் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள்.

மதுவே வேண்டாம் என்கிற சபையென்றால் தோடம்பழ (ஆரஞ்சு)ச் சாற்றில் ஊறவைக்கலாம். ஆனால் டிசம்பர் ஈரத்தில் அந்தக் கேக் வெளியே நிற்காது, பூஞ்சணம் பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு கிழமைக்குள் முடியுங்கள். காத்தான்குடி, ஏறாவூர் பக்கத்து முஸ்லிம் நண்பர்களுக்குக் கொடுப்பதும் இந்தக் கேக்தான். பிராந்திக் கேக்கோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். கோழி, இறைச்சியை ஹலால் கடையில் வாங்கிவிட்டு, கேட்குமுன்னே அதைச் சொல்லிவிடுங்கள்.

இந்து அயலவருக்கு அது மார்கழி. திருவெம்பாவைக் காலம் நத்தாரை ஒட்டி வந்தால் பல வீடுகளில் மரக்கறிதான். செவ்வாய், வெள்ளியும் அப்படியே. முட்டை போட்ட கேக் அவர்களுக்கு ஆகாது. பழமோ முறுக்கோ கொடுங்கள், அந்தத் தட்டில் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். பலகாரம் மதம் மாற்றத்தான் வருகிறது என்ற சந்தேகம் இங்கே சும்மா எழுந்ததல்ல. அதைக் கூட்டுகிற எந்தக் காரியமும், எவ்வளவு பக்தியோடு செய்தாலும், அயலைக் கெடுக்கும்.

நாட்காட்டியில் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறையையும் பாருங்கள். அன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும்.

26ஆம் திகதி விருந்தே வைக்காதீர்கள். 2004இல் ஆழிப்பேரலை வந்த நாள் அது. நாவலடி, கல்லடியிலிருந்து கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை வரை கரையோரத்தில் ஆட்களை இழந்த குடும்பங்கள் ஏராளம். காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம். அன்று சோடனை விளக்குகளை அணைத்துவிட்டு நினைவு வழிபாட்டுக்குப் போங்கள். என்ன ஆறுதல் சொல்வது என்று தேட வேண்டாம், போய்ப் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஆராதனைக்குப் பெரிய பை கொண்டுபோகாதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த ஊர் இது. பண்டிகை நாட்களில் வாசலில் சோதனை இருந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வரும் அழைப்புகளை ஏற்குமுன் வானத்தையும் பாதையையும் விசாரியுங்கள். வெள்ளம் கூடினால் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும். வாவியைக் கடக்கும் குருமண்வெளி–மண்டூர் பாதைப்படகும் நிற்கலாம். பகல் சாப்பாட்டுக்குப் போய் இருட்டுமுன் திரும்புங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டால் அங்கேயே படுக்கத் தயாராகப் போங்கள்.

அயல் வீட்டுத் தட்டு உங்களிடம் நின்றால் தைப்பொங்கலுக்கு முன் எதையாவது வைத்துத் திருப்பிக் கொடுங்கள். பொங்கலன்று அவர்கள் புக்கை (பொங்கல் சோறு) அனுப்பும்போது பழைய தட்டும் உங்கள் வீட்டில் கிடப்பது நன்றாயிராது.