புல்வெளியா, ரிசர்வ் சீட்டா: திறந்தவெளிக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கும் முன்

திறந்தவெளிக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்கும் கேள்வி இதுதான். நம்பர் போட்ட நாற்காலியா, பின்னால் இருக்கும் புல்வெளியா? பெரும்பாலும் விலையைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறோம். காசு முக்கியம்தான். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பாடுபவரின் முகத்தைப் பார்க்கப் போகிறீர்களா, இசையை நன்றாகக் கேட்கப் போகிறீர்களா, இல்லை வேண்டியவர்களோடு ஒரு சாயங்காலத்தைக் கழிக்கப் போகிறீர்களா? மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

முகம்தான் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், முன்பக்க ரிசர்வ் சீட் எடுங்கள். புல்வெளியிலிருந்து மேடையில் நிற்பவர் விரல் நகம் அளவுக்குத்தான் தெரிவார், மிச்சமெல்லாம் ஸ்கிரீனில்தான். சில இடங்களில் அதுவும் கிடையாது. அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் இருக்கும் ரவீனியா என்ற திறந்தவெளி அரங்கில் புல்வெளியின் பெரும்பகுதியிலிருந்து மேடையே கண்ணில் படாது. அங்கே மரத்தடியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். அதனால் டிக்கெட் எடுக்கும் முன் புல்வெளியிலிருந்து மேடை தெரியுமா, ஸ்கிரீன் உண்டா என்று கேட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் புல்வெளி இருக்கும் என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அதே நாட்டில் கொலராடோவின் ரெட் ராக்ஸ் அரங்கில் பாறைச் சரிவில் படிப்படியாக வரிசைகள்தான், புல்வெளியே கிடையாது.

கேட்பதுதான் முக்கியம் என்றால் கணக்கு வேறு. சீட் மேப்பில் நாற்காலிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டத்தைத் தேடுங்கள். மிக்ஸிங் கன்சோல் இருக்கும் இடம் அது. சவுண்ட் இன்ஜினியர் அங்கே உட்கார்ந்து, தன் காதுக்குச் சரியாக விழும்படிதான் குரலையும் டிரம்ஸையும் ஏற்றி இறக்குகிறார். அதற்கு முன்னால் சில வரிசைகளுக்குள், நடுப்பக்கமாகச் சீட் கிடைத்தால் விடாதீர்கள். அதற்கு நேர் பின்னால் வேண்டாம், கருவிகளும் அங்கே நிற்கிற ஆட்களும் மறைப்பார்கள்.

இதை நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். ஒருமுறை இரண்டாவது வரிசை என்றதுமே துள்ளிக் குதித்து வாங்கினேன், போய்ப் பார்த்தால் இடது கோடி. ஒரு பக்க ஸ்பீக்கர் அடுக்கு தலைக்கு மேலேயே நின்றது. இரண்டு மணி நேரமும் பேஸ் நெஞ்சில் இடித்தது, பாட்டில் ஒரு வரிகூடத் தெளிவாகக் காதில் விழவில்லை. இப்போது முன்வரிசை ஓரத்தையும் பின்வரிசை நடுவையும் வைத்துக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு நடுவைத்தான் எடுப்பேன்.

புல்வெளியில் சத்தம் மோசமாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். முழு உண்மை இல்லை. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சத்தம் வந்து சேரக் கால் வினாடிக்கு மேல் ஆகும். ஸ்கிரீனில் டிரம் குச்சி இறங்கிவிட்டிருக்கும், அடி அப்புறம்தான் கேட்கும். பெரிய இடங்களில் புல்வெளிப் பக்கம் தனி ஸ்பீக்கர்கள் வைத்து, மேடையிலிருந்து வரும் சத்தத்தோடு சேருகிற மாதிரி அவற்றைக் கொஞ்சம் தாமதமாக ஒலிக்கவிடுவார்கள். அது இருந்தால் பாட்டு தெளிவாகவே கேட்கும், உதட்டசைவு மட்டும் ஒட்டாது. அந்த ஸ்பீக்கர்கள் இல்லாத இடத்தில் காற்றுதான் எஜமான். மேடைப் பக்கமிருந்து உங்களை நோக்கி வீசினால் நல்லது. எதிர்த்து வீசினால் குரல் அலை அலையாக வந்து போகும்.

நான் ரொம்பவும் யோசிக்கச் சொல்வது ரிசர்வ் பகுதியின் கடைசி வரிசைகளைப் பற்றி. பேருக்கு ரிசர்வ், விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் அங்கே தரை சமமாக இருந்தால், முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றதும் முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சில இடங்களில் நாற்காலிகளுக்கு மேல் கூரை போட்டிருப்பார்கள், அதைத் தாங்கும் தூண் குறுக்கே வரலாம். இந்த வரிசைகளை ஒட்டித் தொடங்கும் புல்வெளியோ பெரும்பாலும் சரிவாக மேலேறும், அதன் முன்விளிம்பில் உட்கார்ந்தால் தலைகளுக்கு மேல் பார்க்கலாம். விலை வித்தியாசம் அதிகமாக இருந்தால் நான் புல்வெளியைத்தான் எடுப்பேன், ஆனால் கேட் திறக்கும்போதே போய் நிற்க முடிந்தால் மட்டும். புல்வெளியில் முதலில் வருபவருக்கே இடம். கச்சேரி தொடங்கும் நேரத்துக்குப் போனால் மிச்சமிருப்பது ஓரமும் மேல்கோடியும்தான், மேல்கோடியில் கூரை விளிம்பே மேடையை மறைத்துவிடலாம்.

மூட்டு வலி உள்ளவர்கள் கூட வந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், நாற்காலிதான். சரிவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு கேள்வி கேட்கும். சக்கர நாற்காலிக்குத் தனி இடம் வைத்திருப்பார்கள், குறைவாகத்தான் இருக்கும், அதனால் டிக்கெட் விற்பனை தொடங்கும்போதே கேட்டு வாங்குங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் நேர்மாறு: புல்வெளியில் ஓடலாம், தூக்கம் வந்தால் படுக்கலாம், அழுதால் சட்டென்று எழுந்து போகலாம்.

மழை? சும்மா தூறினால் பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள், பணமும் திரும்ப வராது. மின்னல் வந்தால் நிறுத்துவார்கள். ரிசர்வ் என்றாலே கூரை உண்டு என்று நம்பிவிடாதீர்கள், எந்த வரிசை வரை கூரை வருகிறது என்று மேப்பில் பாருங்கள். பல இடங்களில் குடையை உள்ளே விட மாட்டார்கள், மழைக்கோட்டுதான்.

புல்வெளி என்று முடிவாகிவிட்டால், சொந்த நாற்காலிக்கு அனுமதி உண்டா, எவ்வளவு உயரம் வரை என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் தரையோடு ஒட்டிய குட்டை நாற்காலிக்கு மட்டும்தான் அனுமதி. விரிப்பு எடுத்துப்போனால் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளும் போடுங்கள். பொழுது சாயும்போது புல் காய்ந்துதான் இருக்கும். இருட்டின பிறகு பனி இறங்கி, மூன்றாவது பாட்டுக்குள் போர்வை நனைந்து உடம்பில் ஒட்டும்.