நாமத்தில் அடைக்கலம்: நாம் விடுகிற பிழைகள்

வன்னியில் செத்த வீடு, அந்தியேட்டி, துவசம் என்று எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் இந்த வரியைச் சொல்லிவிடுவார்: ‘சிவாயநம என்று சிந்தித்திருப்போர்க்கு அபாயம் ஒருநாளும் இல்லை.’ ஔவையாரின் நல்வழியில் வருவது, பள்ளிக்கூடத்திலேயே பாடமாக்கியது. ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் 2009இல் போரின் கடைசி நாட்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் முன்னால் இருக்கும்போது அந்த வரி ஆறுதலாகப் போய்ச் சேருவதில்லை. ‘அப்ப நான் வடிவாச் சிந்திக்கேல்லையோ?’ என்று அவர் தன்னையே கேட்கத் தொடங்கிவிடுகிறார்.

முதல் பிழையும் பெரிய பிழையும் இதுதான்: நாமத்தைச் சொன்னவர் தப்புவார், தப்பாதவர் சரியாகச் சொல்லவில்லை என்று கணக்குப் பார்ப்பது. மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்குள் இருந்தவர்களில் கடவுளைக் கூப்பிடாதவர் யார்? நல்ல சேலைகளை வெட்டிப் பை தைத்து, மண் நிரப்பிச் சுற்றிவர அடுக்கி, அதற்குள் பிள்ளைகளை அணைத்தபடி சிவபுராணம் சொன்னார்கள். பக்கத்துப் பங்கரில் செபமாலை. ஒரே பாட்டைச் சேர்ந்து சொன்ன இருவரில் ஒருவர் எழும்பி வந்தார், மற்றவர் வரவில்லை. மடுக் கோயிலில் கத்தோலிக்கரோடு சைவர்களும் அடைக்கலம் தேடியிருந்தார்கள். 1999 நவம்பரில் அங்கேயே எறிகணை விழுந்து பலர் இறந்துபோனார்கள். அவர்களுடைய பக்தியை அளக்க எங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

சரி, அப்படியானால் நாமம் என்னதான் செய்கிறது? இதை அப்பரிடம்தான் கேட்க வேண்டும். அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது ‘சொற்றுணை வேதியன்’ என்று தொடங்கும் நமச்சிவாயப் பதிகத்தைப் பாடினார், கல் மிதந்தது, திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்கிறது பெரியபுராணம். நாங்கள் மிதந்த கல்லை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். அதே பதிகத்தில் இன்னொரு பாட்டும் இருக்கிறது: ‘அடுக்கற்கீழ்க் கிடக்கினும் அருளின் நாம் உற்ற நடுக்கத்தைக் கெடுப்பது நமச்சிவாயவே.’ மலைக்கு அடியில் அகப்பட்டுக் கிடந்தாலும் என்கிறார். அந்த மலை விலகிவிடும் என்று அந்தப் பாட்டில் அவர் சொல்லவே இல்லை. நடுக்கம் போகும் என்கிறார். பங்கரில் இருந்து வந்தவர்களோடு ஆறுதலாக இருந்து கதைத்தால் இதைத்தான் சொல்வார்கள். எறிகணை அடி நிற்கவில்லை, கை நடுங்குவது நின்றது. சிந்தாமல் பிள்ளைக்குத் தண்ணீர் பருக்க முடிந்தது. அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய காரியம்!

அடுத்த பிழை, நாமத்தைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பது. வயலிலோ விறகுக்குப் போன காட்டிலோ பாம்பு கடித்தவரை, திருநீறு போட்டு நேரம் போக்கிப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது இன்னும் நடக்கிறது. புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வையுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. கடித்த இடத்தைக் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, காலை அசைக்காமல் உடனே வாகனத்தில் ஏற்ற வேண்டும். நாமத்தை ஆட்டோவில் போகும்போது வழி நெடுகச் சொல்லலாம். மிதிவெடி இருக்கிறது என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கிற காணிக்குள் ‘சாமி பாத்துக்கொள்ளும்’ என்று பாலைப்பழம் பொறுக்கப் போவதும் இதே பிழைதான். அப்பர் தானாகக் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் ‘கடவுளிட்ட விட்டிட்டுப் பேசாமல் இருங்கோ’ என்று சொல்வதும் சரியில்லை. அவர்கள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கியதே கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால்தான். கும்பிடுகிறார்கள், பிள்ளைகள் எங்கே என்று கேட்கவும் செய்கிறார்கள். அரசன் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்று பாடியவரும் நமச்சிவாயப் பதிகம் பாடியவரும் ஒரே அப்பர்தானே.

இந்த மந்திரத்தை இத்தனை பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் கெட்ட செய்தி வரும் என்று வாட்ஸ்அப்பில் வருபவை இருக்கின்றனவே, அவற்றை அழித்துவிடுங்கள். பயத்தைப் போக்குகிற நாமத்தை வைத்தே பயம் காட்டுகிறார்கள்.

அப்புறம், அழுகிறவரைத் தடுப்பது. ‘அழாதேங்கோ, தேவாரத்தைச் சொல்லுங்கோ’ என்று அதட்டுவதை எத்தனையோ வீடுகளில் கேட்கலாம். எங்கள் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தைப் பாடிய சம்பந்தர், நாமத்தைப் பற்றிப் பாடும்போது ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்றுதான் தொடங்குகிறார். கண்ணீரோடு ஓதுகிறவரைத்தான் அவர் முதலில் நினைக்கிறார். அழுதால் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று எவரும் நினைக்கத் தேவையில்லை.

கடைசியாக, 2009க்குப் பிறகு கும்பிடுவதையே விட்டவர்கள். ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வருவார்கள், வீதியில் நிற்பார்கள், உள்ளே போகமாட்டார்கள். அவர்களை நாத்திகர் என்றோ சாமிக் குற்றம் என்றோ பேசுவது மிகவும் கொடுமை. வாயில் நாமம் வராத காலமும் உண்டு என்பது சுந்தரருக்குத் தெரியும். ‘நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே’ என்று பாடியிருக்கிறார். மறந்துபோனாலும் நாக்கு சொல்லிக்கொண்டிருக்கும் என்கிறார். ஆகவே அப்படியானவரைக் கோயிலுக்கு இழுக்க வேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம். விளக்கு வைக்கிற நேரம் அவர் வீட்டுக்குப் போய் இருங்கள். அவர் மறுக்காவிட்டால் ஒரு தேவாரத்தை நீங்களே பாடுங்கள். அவர் சேர்ந்து பாடாவிட்டால் பாடாமலே இருக்கட்டும். தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு வாருங்கள், அடுத்த கிழமையும் போங்கள்.