சீசனுக்கு முதல் வெப்சைட் மாற்றுகிறவர்கள் விடும் பிழைகள்

மார்ச் பிறந்தால் திருகோணமலையில் இரண்டு வேலை மும்முரமாக நடக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதிகளுக்குப் பெயின்ற் அடிப்பார்கள். அதே விடுதிகளுக்கு யாரோ ஒரு பெடியன் புது வெப்சைட் செய்துகொண்டிருப்பான். பெயின்ற் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. வெப்சைட்டைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது. நாங்கள் தொழில் பழகின காலத்தில் விட்ட பிழைகளையே, எங்களை விட நல்ல லப்டொப்பை வைத்துக்கொண்டு திரும்ப விடுகிறார்கள்.

தலைப்பில்லாத பக்கம், திறக்கவே மாட்டாத பெரிய படம் போன்றவற்றை இங்கே தொடவில்லை. அவற்றை யூடியூப்பில் யாரும் சொல்லித் தருவார்கள்.

பழைய முகவரிகளை அழித்துவிடுவது

நிலாவெளியில் ஒரு சின்ன விடுதி. அதன் பழைய தளம் பார்க்கச் சகிக்காது: வெள்ளைப் பின்னணி, நீல எழுத்து, மங்கின படங்கள். ஆனால் உரிமையாளர் தன் கையால் எழுதின பக்கங்கள் அதில் இருந்தன. புறாத்தீவுக்குப் படகு எங்கே பிடிப்பது, திமிங்கிலம் பார்க்க எந்த மாதம் வரலாம், கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறி விடிய இங்கே இறங்கினால் விடுதிக்கு எப்படி வருவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். வந்து தங்கிப்போன வெளிநாட்டுக்காரர் பலர் தங்கள் பயணக் குறிப்புகளில் அந்தப் பக்கங்களுக்கு லிங்க் கொடுத்திருந்தார்கள். எங்கோ இருந்து ஒருவர் புறாத்தீவைத் தேடினால் இவருடைய பக்கம் முன்னுக்கு வரும். வாசித்து முடிய, கீழே அறை வாடகையும் போன் நம்பரும் இருக்கும். அந்த விடுதி நடந்ததே அதால்தான்.

ஒரு பெடியன் செய்த புதுத் தளம் வந்தது. ட்ரோன் வீடியோ, நல்ல எழுத்துரு, எல்லாம் ஒரே பக்கத்தில். மெனுவில் எதை அமத்தினாலும் அதே பக்கம் கீழே உருளும். முகவரியின் கடைசியில் ஒரு '#' மட்டும் சேரும். அந்தக் குறிக்குப் பின்னால் வருவதைக் கூகுள் தனிப் பக்கமாகக் கணக்கெடுப்பதில்லை. அதாவது முந்தி ஒரு கட்டுப் பக்கங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றே ஒன்று. பழைய ஃபைல்கள்? "எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டன் அண்ணை" என்றான், பெருமையாக.

இத்தனை வருடம் சேர்ந்த மதிப்பெல்லாம் அந்த முகவரிகளில்தான் இருந்தது. டிசைனை எத்தனை தரமும் மாற்றலாம். முகவரியை எடுத்துவிட்டால், அதற்கு வெளியில் இருந்து வந்த லிங்க் எல்லாம் 'பக்கம் இல்லை' என்று காட்டும் 404இல் போய் முட்டும். கூகுள் கொஞ்ச நாள் திரும்பத் திரும்ப வந்து தட்டிப் பார்க்கும், பிறகு பட்டியலில் இருந்து எடுத்துவிடும். ஏப்ரல் போய் மே வர உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நேர புக் பண்ணுற ஆக்களே இல்ல. கொமிஷன் எடுக்கிற தளங்களால வாறவைதான்." சீசன் செப்டெம்பரோடு முடிந்துவிடும். ஒவ்வொரு அறைக்கும் கொமிஷன் போனது போனதுதான்.

எனக்கு இன்னும் கடுப்பேற்றுவது அதற்குப் பிறகு நடந்த திருத்தம். பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்கு அனுப்பும் திசைமாற்று போடச் சொன்னதும் அவன் ஒரு பிளகின்னைப் பூட்டி, தொலைந்த முகவரி எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டான். "இப்ப 404 எண்டு ஒண்டும் காட்டேல்ல அண்ணை." காட்டாதுதான். படகு விபரம் தேடி வந்தவருக்கு ட்ரோன் வீடியோ ஓடுகிறது, அவர் திரும்பிப் போகிறார். கூகுளும் ஏமாறாது. சம்பந்தமில்லாமல் முகப்புக்குத் திருப்பிய முகவரிகளை 'சொஃப்ட் 404' என்று எழுதி, இல்லாத பக்கமாகவே வைத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது அலுப்பான வேலை, அவ்வளவுதான். பழைய தளத்தில் கை வைக்க முதல் சேர்ச் கொன்சோலுக்குள் (தளம் தேடலில் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் கருவி) போய், ஆட்கள் வந்து இறங்கும் பக்கங்களையும் வெளி லிங்க் உள்ள பக்கங்களையும் இறக்கி எடுங்கள். எக்செல்லில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதே விஷயத்தைச் சொல்லும் புது முகவரி. வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் அந்தப் பக்கத்தைப் புதுத் தளத்திலும் செய்துதான் ஆகவேண்டும். பிறகு வரிக்கு வரி 301 என்ற நிரந்தரத் திசைமாற்று போடுங்கள். 302 தற்காலிகத்துக்கு உரியது. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு, அதில் இருந்து மற்றதுக்கு என்று சங்கிலி கோக்காமல் நேரே கடைசி முகவரிக்கு விடுங்கள். குறைந்தது 1 வருடம் அப்படியே இருக்கட்டும். நான் என்றால் எடுக்கவே மாட்டேன்.

இதை மார்ச்சில் செய்யாதீர்கள். ஒக்டோபரில் மழை தொடங்கி விடுதிகள் ஓய்ந்திருக்கும்போது செய்தால், ஏதும் பிழைத்தாலும் ஏப்ரலுக்குள் சரிக்கட்டலாம்.

நோஇண்டெக்ஸ்

தளம் கட்டப் பாவிக்கும் வேர்ட்பிரஸ்ஸில் 'ரீடிங்' செட்டிங்கின் அடியில் ஒரு சின்னப் பெட்டி: தேடுபொறிகளைத் தள்ளி வைக்கச் சொல்வது. தளம் கட்டும்போது டிக் போடுவார்கள், காசு வாங்கும்போது எடுக்க மறப்பார்கள். 2019இல் வந்த 5.3 பதிப்பில் இருந்து அந்த டிக், ஒவ்வொரு பக்கத்திலும் நோஇண்டெக்ஸ், அதாவது 'பட்டியலில் சேர்க்காதே' என்று எழுதிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. சோதனைத் தளம் கூகுளில் வந்துவிட்டது என்று பதறி, நோஇண்டெக்ஸும் போட்டு, தேடுபொறி எங்கே வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் ரொபோட்ஸ் ஃபைலிலும் தடுப்பார்கள். கூகுளை உள்ளே வரவே விடாவிட்டால் நோஇண்டெக்ஸை அது எப்படி வாசிக்கும்? முகவரி பட்டியலில் அப்படியே கிடக்கும். தடையை எடுத்து, வாசித்துவிட்டுப் போகவிடுங்கள்.

பாமினி

பாமினி ஒரு பழைய தமிழ் எழுத்துரு. கோயில், விளையாட்டுக் கழகத் தளங்களின் நோய் இது. அச்சகத்தில் இருந்து திருவிழா நோட்டீஸின் ஃபைலை வாங்கி அப்படியே ஒட்டுவார்கள். திரையில் வடிவான தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து: பாமினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பிடிஎஃப் ஆகப் போட்டாலும் பெரும்பாலும் இதே கதைதான். கோயிலின் பெயரை யார் தமிழில் தேடினாலும் அந்தப் பக்கம் வராது.

ஒரு வரியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கே குப்பையாக வந்தால் கூகுளுக்கும் அதே குப்பைதான். தமிழைத் தமிழாகவே பதியும் யுனிகோடுக்கு மாற்றி, 'ழ', 'ள' எல்லாம் சரியா என்று ஒருக்கா வாசித்துவிட்டுப் போடுங்கள்.

விலைப்பட்டியலைப் படமாகப் போடுவது

எழுத்தாக எழுதுங்கள்.

மெட்டா கீவேர்ட்

பக்கத்தின் கோடுக்குள் தேடற் சொற்களை அடுக்கி வைப்பது இது. கூகுள் இதைப் பார்ப்பதில்லை என்று 2009இலேயே சொல்லிவிட்டது. இதற்குத் தனியாகக் காசு கேட்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

சைட்மப் கொடுத்தாயிற்று, இனி வரும்தானே

வரலாம். சைட்மப் என்பது இன்ன இன்ன பக்கம் இருக்கிறது என்ற அறிவிப்பு மட்டும்தான். ஒரு ஃபைலில் 50,000 முகவரி வரை போடலாம். விடுதித் தளத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதிலுள்ள முன்னுரிமை எண்ணைக் கூகுள் கணக்கெடுப்பதில்லை, ஆகவே எல்லாவற்றுக்கும் 1.0 போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. 'வாசித்தோம், இப்போதைக்குச் சேர்க்கவில்லை' என்ற கருத்தில் சேர்ச் கொன்சோல் காட்டினால் சைட்மப்பை விட்டுவிட்டுப் பக்கத்தை வாசியுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி இன்னொரு தளத்தில் இருப்பதை நாலு வரியாகச் சுருக்கிப் போட்டிருப்பீர்கள்.

'ரிக்வெஸ்ட் இண்டெக்சிங்'

பக்கத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கூகுளைக் கேட்கும் சேர்ச் கொன்சோல் பொத்தான். ஒருக்கா அமத்தினால் போதும்.

டொமைன் யார் பெயரில்?

உரிமையாளர் பெயரில். சேர்ச் கொன்சோலும் அப்படியே. அந்த நிலாவெளித் தளத்தின் பழைய பக்கப் பட்டியலை எடுக்கப் போனபோது, கணக்கு பெடியனின் ஜிமெயிலில் கிடந்தது, அவன் கட்டாருக்குப் போயிருந்தான்.

பிங்

மைக்ரோசொஃப்டின் தேடுபொறி. கூகுள் சேர்ச் கொன்சோலில் இருந்தே தளத்தை அங்கே இறக்கலாம். தேத்தண்ணி ஆற முதல் முடியும் வேலை, ஆனாலும் ஒருத்தரும் செய்வதில்லை.